லைசென்ஸ் வந்துவிட்டது, சாவியை எப்படிக் கொடுப்பது? புதிதாக ஓட்டும் பிள்ளைகளுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

என் மகன் லைசென்ஸ் வாங்கி ஆறாவது வாரம். இரவு பதினொன்றரை மணிக்குப் போன். "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் ஆரம்பித்தான். அதைக் கேட்டதுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. வண்டியில் நான்கு பேர். வளைவில் வேகம் கொஞ்சம் கூடுதல். பின்சீட்டிலிருந்து யாரோ கூப்பிட, இவன் ஒரு கணம் திரும்பியிருக்கிறான். அதற்குள் முன்சக்கரம் நடுத்தடுப்பின் மேல் ஏறிவிட்டது. நான்கு பேருமே சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். ஒரு பையனுக்குத் தோளில் சிராய்ப்பு, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

மகன் மோசமாக ஓட்டுகிறவன் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் ஒழுங்காகக் கற்று, தேர்வில் முதல் தடவையே தேறியவன். ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதில் என்னைவிடத் தெளிவு. அதைப் பார்த்துத்தான் 'வண்டி கைக்கு வந்துவிட்டது' என்று நம்பி முழுச் சாவியையும் கொடுத்தேன். என் கணக்கு தவறியது அங்கேதான். நான்கு வருடம் கழித்து மகளின் முறை வந்தபோது, வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது உண்மையிலேயே விபத்தைக் குறைக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்காகவும், தானே முடிவெடுக்க வேண்டிய பிள்ளைகளுக்காகவும் அதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வழியை எடைபோடுவதற்கு முன்பும் ஒரு விஷயம் மனதில் இருக்க வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க, பிள்ளை வண்டி பழகும் காலத்தில் விபத்து மிகக் குறைவு. அந்தப் பக்கத்து இருக்கை காலியாகும் முதல் மாதத்தில்தான் ஆபத்து உச்சத்துக்குப் போகிறது. அடுத்த ஆறேழு மாதங்களில் மளமளவென்று இறங்கி, பிறகு மெதுவாகக் குறைகிறது. பல நாடுகளின் விபத்துப் பதிவுகளில் இதே கோடுதான் தெரிகிறது. உலகம் முழுவதும் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே எங்கே கற்றுக்கொடுப்பது என்பதோடு கேள்வி முடிவதில்லை. தனியாக ஓட்டும் அந்த முதல் ஆறு மாதத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

பயிற்சிப் பள்ளி மட்டும் போதுமா?

பள்ளி சொல்லித்தரும் விஷயங்களை வீட்டில் கற்றுக்கொடுப்பது கஷ்டம். கிளச்சை விடும் பதம், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் எடுப்பது, கண்ணாடிகளைச் சரிசெய்வது, சாலை விதிகள் எல்லாவற்றையும் அவர்கள் வரிசையாகச் சொல்லித்தருவார்கள். பயிற்சியாளரின் காலடியில் ஒரு பிரேக்கும் இருக்கும். முதல் பத்து மணி நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. என் மகளையும் அங்கேதான் அனுப்பினேன்.

ஆனால் பள்ளியில் நன்றாகக் கற்றதால் மட்டும் பின்னால் விபத்து குறைகிறதா? அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டீகால்ப் கவுண்டியில் 1970களின் பிற்பகுதியில் சுமார் 16,000 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு அன்றைக்கு இருந்ததிலேயே மிக விரிவான பயிற்சி, இன்னொரு பிரிவுக்குச் சுருக்கமான பயிற்சி, மூன்றாவது பிரிவுக்குப் பள்ளிப் பயிற்சியே கிடையாது. விரிவான பயிற்சி பெற்றவர்களுக்கு ஆரம்பத்தில் சிறு பலன் தெரிந்தது, அதுவும் நீடிக்கவில்லை. இத்தனை செலவும் உழைப்பும் போட்ட முயற்சிக்கு இது ஏமாற்றமான விடைதான். யோசித்தால் காரணம் புரிகிறது. பள்ளி வண்டியைக் கையாளக் கற்றுத்தருகிறது. இளம் ஓட்டுநர்களின் விபத்துகளோ பெரும்பாலும் சாலையைச் சரியாகப் பார்க்காததாலும், வேகத்தைத் தப்பாகக் கணிப்பதாலும், கவனம் சிதறுவதாலும் நடக்கின்றன. பத்துப் பதினைந்து வகுப்புகளில் அது படியாது.

இதோடு சேர்த்து இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை மேல் அக்கறையுள்ள பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் அது. வழுக்கும் தளத்தில் வண்டி சறுக்கினால் எப்படி மீட்பது என்று கற்றுத்தரும் 'உயர்நிலைப் பயிற்சி'கள் இருக்கின்றன. கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கும். நார்வே 1979இல் வழுக்குச் சாலைப் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கியது. பிறகு ஆராய்ந்தபோது, இளைஞர்களிடம் வழுக்கி நிகழும் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. சறுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்தவன் வளைவில் வேகத்தைக் குறைப்பதில்லை. வழுக்கும் இடத்துக்கு அந்த வேகத்தில் போகாமல் இருக்கவே கற்க வேண்டும். அந்தப் பணத்தைச் சாதாரண வகுப்புகளுக்கே கூடுதலாகக் கொடுப்பேன்.

இன்னும் இரண்டு வருடம் போகட்டுமே?

பல வீடுகளில் முதலில் வரும் யோசனை இது. வயது ஏறினால் பொறுப்பு வரும் என்பது பொய்யில்லை. விளைவை யோசித்து ஆசையை அடக்கும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. பதினாறு வயதில் தொடங்குபவரைவிட இருபதில் தொடங்குபவருக்கு ஆரம்ப ஆபத்து குறைவு.

ஆனால் தள்ளிப்போட்டால் வயது கூடுகிறதே தவிர அனுபவம் கூடுவதில்லை. இருபது வயதிலும் முதல் மாதம் முதல் மாதம்தான். அதே செங்குத்தான கோடு அங்கேயும் இருக்கிறது. அப்போது பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போயிருந்தால், பக்கத்து இருக்கையில் உட்கார நாமும் இருக்க மாட்டோம். பிள்ளைக்கு இன்னும் நிதானம் வரவில்லை, கோபத்தில் எதையாவது செய்யக்கூடியவன் என்று உங்களுக்கே தெரிந்தால் தள்ளிப்போடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். மற்றபடி வெறும் பயத்தால் தள்ளிப்போடுவது, ஒன்றாக இருக்கும் காலத்தை வீணாக்குவதாகவே முடியும்.

பக்கத்து இருக்கை

என் தேர்வு இதுதான், அதனால் இதைப் பற்றி அதிகம் எழுதப்போகிறேன்.

ஸ்வீடன் 1993இல் ஒரு மாற்றம் செய்தது. லைசென்ஸ் வாங்கும் வயது 18 என்பதில் கை வைக்கவில்லை. பெரியவர் துணையோடு பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16ஆக இறக்கியது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தியவர்கள் லைசென்ஸ் வாங்குவதற்குள் சராசரியாக 118 மணி நேரம் ஓட்டியிருந்தார்கள். பழைய முறையில் பழகியவர்கள் ஐம்பது மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. தனியாக ஓட்டத் தொடங்கிய பின், அதிகம் பழகியவர்களின் விபத்து ஆபத்து ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் ஒரு பங்கு அந்தக் குடும்பங்களின் இயல்பால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் பலன் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குக் கீழ் பழகுபவர்கள் 120 மணி நேரத்தைப் பதிவேட்டில் காட்ட வேண்டும், அதில் 20 மணி இரவு. ஜெர்மனியில் 17 வயதில் தேர்வு எழுதி, பதினெட்டு நிறையும் வரை பெரியவர் துணையோடு ஓட்டலாம்.

சரி, நூறு மணி நேரம் என்ன செய்வது? வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் நூறு முறை ஓட்டினால் அந்த ஒரு சாலைதான் பழகும். மழை, அந்தி வெளிச்சம், எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும் இரவு, நெடுஞ்சாலையில் இணைவது, ரவுண்டானா, பள்ளி விடும் நேரம் எல்லாம் ஒவ்வொன்றாக வர வேண்டும். நானும் மகளும் ஒரு நோட்டில் தேதி, நேரம், வானிலை, எந்த மாதிரிச் சாலை என்று குறித்து வைத்தோம். பதினான்கு மாதத்தில் 96 மணி நேரம் ஆனது. நோட்டைப் புரட்டியபோது மழைக்கு எதிரே மூன்றே வரிகள் இருந்தன. அதன் பிறகு மழை பெய்தால் நாங்கள் வேண்டுமென்றே கிளம்பினோம்.

எங்களுக்கு மிகவும் உதவியது பேசிக்கொண்டே ஓட்டுவது. கண்ணில் படுவதை எல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவள் சொன்னதெல்லாம் முன்னால் போகும் வண்டியைப் பற்றித்தான். "அவர் பிரேக் போடறார். நானும் போடறேன்." புதிய ஓட்டுநர்களின் பார்வை வண்டிக்கு முன்னால் சில மீட்டரிலேயே நிற்கிறது, கண்ணாடிகளைக் குறைவாகப் பார்க்கிறார்கள் என்று கண்ணசைவு ஆய்வுகள் சொல்வதை அப்போது நேரில் பார்த்தேன். ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள், இடது ஓரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதைத் தாண்டுவதற்கு வெகு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "வேனுக்கு அடியில ரெண்டு கால் தெரியுதும்மா." வேனுக்கு முன்னாலிருந்து ஒரு சிறுவன் சாலைக்கு வந்தான். நாங்கள் அதற்குள் நடை வேகத்துக்கு வந்திருந்தோம். என் மகன் தேர்வில் தேறிய அன்றைக்கு அவனுக்கு இந்தப் பார்வை இல்லை. அவனுக்கு இதை யாரும் கொடுக்கவும் இல்லை, நானும் கொடுக்கவில்லை. பிரிட்டன் 2002இல் ஓட்டுநர் தேர்விலேயே ஆபத்தை முன்கூட்டி உணரும் திறனுக்கு வீடியோ சோதனை ஒன்றைச் சேர்த்ததன் நோக்கமும் இதுதான்.

இந்த வழிக்குப் பணம் அதிகம் வேண்டாம், பெரியவரின் நேரமும் பொறுமையும் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து "ஐயோ, ஐயோ" என்று கத்தினால் பிள்ளை சாலையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்க்கும். தப்பு நடந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுவது நல்லது. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் நிதானமானவரே உட்காரட்டும். நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கங்களும் அப்படியே பிள்ளைக்குப் போய்விடும். மஞ்சள் விளக்கில் நான் வேகம் கூட்டுவேன் என்பதை மகள்தான் எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து விட்டுவிட்டேன்.

சாவியைத் துண்டு துண்டாகக் கொடுப்பது

நூறு மணி நேரம் பழகினாலும் தனியாகப் போகும் முதல் நாள் வந்தே தீரும். நியூசிலாந்து 1987இல் இதற்கு ஒரு விடை கண்டது: படிப்படியாகத் திறக்கும் லைசென்ஸ். கட்டுப்பாடுள்ள கட்டத்தில் இருப்பவர்கள் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது, தகுதியான பெரியவர் பக்கத்தில் இல்லாமல் மற்றவர்களை ஏற்றிக்கொள்ளவும் கூடாது. பிறகு கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்க மாநிலங்கள் என்று இந்த முறை பரவியது. இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகள் வந்த இடங்களில் அந்த வயதினரின் விபத்துகள் தெளிவாகக் குறைந்தன.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் இது இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் நடைமுறைப்படுத்தலாம். இரண்டே கட்டுப்பாடுகள்தான் மிக முக்கியம். ஒன்று இரவு. இன்னொன்று நண்பர்கள். 16, 17 வயது ஓட்டுநர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று, தனியாக ஓட்டுவதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு பயணி ஏறும்போதும் ஓட்டுநரின் மரண ஆபத்து ஏறுகிறது, மூன்று பேரோ அதற்கு மேலோ ஏறினால் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று கண்டது. பெரியவர் ஒருவர் கூட இருந்தால் ஆபத்து குறைகிறது. அந்த ஆறாவது வாரத்து இரவில் என் மகனுக்கு இரவு, மூன்று நண்பர்கள், வேகம் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருந்தன. அவற்றில் இரண்டை ஒரு வாக்கியத்தில் நான் தடுத்திருக்கலாம்.

மகளோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதல் மூன்று மாதம் இருட்டிய பிறகு தனியாக ஓட்டுவதில்லை. முதல் ஆறு மாதம் நண்பர்கள் ஏறுவதில்லை, அப்புறம் ஒருவர். போன் கைக்கு எட்டாத இடத்தில். எப்போதும் பெல்ட், எல்லோருக்கும். சோர்வாகவோ பயமாகவோ இருந்தால், ஓட்டுகிறவர் குடித்திருந்தால், எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடலாம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். கடைசி வரி எங்களுக்கான நிபந்தனை. அது இருந்ததால்தான் மற்ற வரிகளுக்கு அவள் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன்.

போன் பற்றி ஒரு கணக்கு மட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஒரு செய்தியைப் பார்க்க இரண்டு நொடி என்றால் 44 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது போல. இதை அவளிடம் வாயால் சொன்னபோது தலையாட்டினாள். ஒரு மைதானத்தில் 44 மீட்டரை அளந்து இருவரும் நடந்து பார்த்தோம், அன்றைக்குத்தான் அவள் முகம் மாறியது.

நிபந்தனைத் தாளா, கண்காணிப்புக் கருவியா என்று கேட்பவர்கள் உண்டு. வேகம், திடீர் பிரேக், வளைவில் இழுப்பு எல்லாவற்றையும் பதியும் கருவிகளும் செயலிகளும் கிடைக்கின்றன. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு குழுவுக்கு அபாயமாக ஓட்டினால் விளக்கு மட்டும் எரிந்தது, மற்றக் குழுவுக்கு விளக்கோடு பெற்றோருக்கும் அறிக்கை போனது. விளக்கு மட்டும் கண்ட குழுவில் மாற்றம் இல்லை. பெற்றோருக்கும் தெரிந்த குழுவில் அபாயமான ஓட்டம் குறைந்தது. கருவி வாங்குவதானால் பிள்ளைக்குத் தெரிந்தே பொருத்துங்கள், வாரம் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒளித்து வைத்து உளவு பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாள் தெரியவரும்போது அந்தத் தாளின் கடைசி வரிக்கு மதிப்பு போய்விடும், நடு இரவில் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

எந்த வண்டி?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வருடம் பிள்ளைக்கென்று தனி வண்டி வேண்டாம். சொந்தமாக வண்டி வைத்திருந்த இளம் ஓட்டுநர்கள், குடும்ப வண்டியைப் பகிர்ந்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விபத்துகளைச் சந்தித்ததாக ஓர் ஆய்வில் தெரிந்தது. சாவியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்போது எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது.

வாங்கியே ஆக வேண்டுமென்றால், 'இடித்தாலும் போகட்டும்' என்று பழைய சின்ன வண்டியைக் கொடுப்பது தலைகீழான கணக்கு. அதிகம் இடிக்க வாய்ப்புள்ளவருக்குத்தான் நல்ல பாதுகாப்பு வேண்டும். நடுத்தர எடை, ஏர்பேக், வண்டி நிலைதடுமாறும்போது தானே திருத்தும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பாருங்கள். இந்தக் கட்டுப்பாடு, வேறு வண்டி சம்பந்தப்படாத மரண விபத்துகளைச் சுமார் பாதியாகக் குறைக்கிறது. எஞ்சின் சக்தி அதிகமுள்ள வண்டி வேண்டாம். வேகம் 50லிருந்து 70 ஆனால் மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இருசக்கர வண்டி கார் பழகுவதற்கு முன்படி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஓட்டும் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிளில் செல்பவர் இறக்கும் வாய்ப்பு காரில் செல்பவரைவிட 20 மடங்குக்கு மேல். வேறு வழியில்லை என்றால் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியும், தாடையில் வார் மாட்டிய முழு ஹெல்மெட்டும் வேண்டும். ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. அப்போதும் இரவு, பின்சீட்டு நண்பர் என்ற இரண்டு நிபந்தனைகளும் அப்படியே இருக்கட்டும்.

என் முடிவு

வீட்டில் நிதானமாக ஓட்டும் ஒருவர் இருந்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால்: பள்ளியில் அடிப்படை, பக்கத்து இருக்கையில் ஒரு வருடம், பிறகு நிபந்தனையோடு சாவி. இதில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் பள்ளி வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பேன், நிபந்தனைகளைக் குறைக்க மாட்டேன். லைசென்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டது, பழகும் காலம் முடிந்துபோய்விட்டது என்று கவலைப்படுகிறவர்கள் இன்றைக்கே பக்கத்தில் போய் உட்காரலாம். லைசென்ஸ் வந்த பிறகு நாம் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வீட்டில் யாருக்குமே ஓட்டத் தெரியாது என்றால் கதை வேறு. அப்போது பயிற்சியாளர்தான் உங்கள் பக்கத்து இருக்கை. தேர்வுக்கான வகுப்புகள் முடிந்ததும் நிறுத்தாமல், லைசென்ஸ் வந்த பிறகு மாதம் இரண்டு வகுப்பு வீதம் நான்கைந்து மாதம் தொடருங்கள். காலி மைதானத்து வகுப்பு வேண்டாம், இருட்டிய பிறகு ஒன்று, நெடுஞ்சாலையில் ஒன்று, நெரிசலில் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். மழை பெய்கிறது, இன்றைக்கு வகுப்பு ரத்து என்று அவர் போன் செய்தால், அன்றைக்குத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.